14 நாள் தவணையும் 10ஆம் திகதிச் சம்பளமும்

மேல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற ஒருவர் மேன்முறையீடு செய்ய 14 நாட்கள்தான் உண்டு. நீதவான் நீதிமன்றத் தீர்ப்பென்றாலும் அதே 14 நாட்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை விதித்த தவணை இது.

தோட்டத்தில் சம்பளம் மாதம் ஒருமுறை, 10ஆம் திகதியளவில் கைக்கு வரும். 15ஆம் திகதி தீர்ப்பு என்றால், அடுத்த சம்பளத்துக்கு முன்பே தவணை முடிந்துவிடும். லயத்தில் இருக்கும் மனைவி என்ன செய்வார்? கைமாற்றுக் கேட்பார். சீட்டுக்காசு கேட்பார். தோட்டை அடகு வைக்க டவுனுக்குப் போவார். சட்டத்தரணிக்குக் காசு சேர்த்துக்கொண்டு போகும்போது நாள் கடந்திருக்கும். அதன்பின் மீளாய்வு மனுதான் வழி. தாமதத்துக்குக் காரணம் காட்ட வேண்டும். விசேட சூழ்நிலை உண்டென்று நீதிமன்றத்தை ஏற்கச் செய்ய வேண்டும். உரிமையாகக் கேட்டிருக்க வேண்டியதைச் சலுகையாகக் கேட்கும் நிலை.

காசு சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை தோழர்களே. மேல் நீதிமன்றத் தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவர், தவணைக்குள் மனுவைச் சிறைச்சாலை அதிகாரியிடம் கையளிக்கலாம். அதைப் பதிவாளருக்கு அனுப்புவது அந்த அதிகாரியின் கடமை. நீதவான் நீதிமன்ற வழக்கென்றால், தமது விருப்பத்தையும் காரணங்களையும் சிறை அதிகாரியிடம் கூறி மனுவைத் தயாரிக்கச் சொல்லவும் சட்டத்தில் இடமுண்டு. வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

வழக்குகளுக்கு ஒரு முடிவு வேண்டும், அதனால் தவணை வேண்டும் என்பார்கள். சரிதான். ஆனால் தவணை இருப்பதே தெரியாதவரைத் தவணை தவறியவர் என்று தள்ளுவது நியாயமா? நீதிமன்ற மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தந்திருக்கிறது. தண்டனை எத்தனை வருடம் என்பதோடு அந்த உரிமை நின்றுவிடக்கூடாது. கடைசி நாள் எது, மனுவை யாரிடம் கொடுப்பது என்பதைத் தமிழில் எழுதி, தீர்ப்பு நாளிலேயே கையில் கொடுக்க வேண்டும். இதை நீதி அமைச்சிடம் சங்கம் கோரிக்கையாக வைக்க வேண்டும்.

அது கிடைக்கும்வரை நம் வேலையை நாம் செய்வோம். தோட்டத்தில் ஒருவருக்குத் தண்டனை என்றால், தோட்டத் தலைவர் அன்றே மாவட்டக் காரியாலயத்துக்கு அறிவிக்க வேண்டும். வழக்கு இலக்கம், நீதிமன்றம், தீர்ப்புத் திகதி, சிறைச்சாலை ஆகிய நான்கும் போதும். கடிதம் எழுதத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம். குற்றம் செய்தாரா இல்லையா என்று லயத்தில் வாதாடப் பிறகு நேரமிருக்கும். தீர்ப்பு நாளையே முதல் நாளாக வைத்து எண்ணத் தொடங்குங்கள்.