தாழைக்கோழி அறுத்த வயல்

கும்பப்பூ நெல் கதிர் முற்றிச் சாய்ந்து நிற்கிற நாட்களில் குமரி மாவட்டத்துச் சுசீந்திரம் குளத்தங்கரையில் நடக்கப் போனால் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று குளத்துக்குள்ளே பறவைகள் போடுவது. இன்னொன்று அந்தப் பறவைகளை வயலில் நின்று மனிதர்கள் ஏசுவது.

போன வியாழக்கிழமை காலை எனக்கு இரண்டும் காதில் ஏறவில்லை. கை சட்டைப் பையிலேயே இருந்தது, பையில் போன். திங்கட்கிழமை என் மனைவியின் கழுத்தில் இருந்த ஒரு கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வர ஐந்தாறு நாள் ஆகும், போனில் சொல்கிறோம் என்றார்கள். நாற்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைப் பற்றிப் பாடம் எடுத்தவன் நான். அந்த நான்கு நாளில் போனை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று கணக்குச் சொன்னால் பழைய மாணவர்கள் சிரிப்பார்கள்.

புதன் இரவு குடும்ப ஜெபம். சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தேன். பாதியில் போன் அதிர்ந்தது. வாய் பாட்டுக்கு வாசிக்க, கண் திரைக்குப் போய்விட்டது. கேஸ் சிலிண்டர் நாளைக்கு வருமாம். ஜெபம் முடிந்ததும் அவள் கேட்டாள்: "கடைசியா எந்த வசனம் வாசிச்சீங்கன்னு சொல்லுங்க பாப்போம்." எனக்குத் தெரியவில்லை. கட்டி அவளுக்கு, கவனம் சிதறியது எனக்கு.

என் அம்மை இருந்திருந்தால் இதற்கு ஒரே சொல்லில் பேர் வைத்திருப்பாள்: வெப்ராளம். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குக் கவலையைவிட வேகம் அதிகம். கவலை ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். வெப்ராளம் எழுந்து நடக்கும், கதவைத் திறந்து பார்க்கும், அடுப்பில் வைத்ததை மறக்கும். "சும்மா கெடந்து வெப்ராளப்படாதலே மக்கா" என்று சொல்லிக்கொண்டே அம்மை தானும் வெப்ராளப்படுவாள். ஆனால் ஒன்று, எவ்வளவு வெப்ராளத்திலும் உலையில் அரிசி போடும்முன் ஒரு கைப்பிடி எடுத்துச் சபைக் காணிக்கைப் பானையில் போட்டுவிடுவாள். மறுநாளைக்கு அரிசி இல்லாத நாட்களிலும் அந்தக் கை தவறியதில்லை. அதைப் பார்த்துப் பையனான எனக்குக் கோபம் வந்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கவலை என்ற சொல்லையே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆரல்வாய்மொழி தாண்டிக் கிழக்கே போனால் பழைய கிணறுகளில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்ததற்கும் கவலை என்றுதான் பேர். சிலர் கமலை என்பார்கள். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாயில் ஓடிவரும் எங்கள் நாட்டில் அதற்கு அவ்வளவு வேலை இல்லை. கவலை மாடு முன்னால் எத்தனை அடி போகிறதோ அத்தனை அடி பின்னால் வரும். நாள் முழுக்க நடந்தாலும் மாலையில் அதே கிணற்றடிதான். ஆனாலும் அந்த மாட்டின் நடையில் தண்ணீராவது மேலே வந்தது. என் நான்கு நாள் நடைக்கு அதுவும் இல்லை.

இன்னும் பழைய பொருள் ஒன்று உண்டு. சங்கத் தமிழில் கவலை என்றால் கிளை பிரியும் வழி. கவர்த்துப் போகிற பாதையில் வழிப்போக்கன் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்கிற இடம். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் கவலைக்கு வரும் சொல் மெரிம்னா. அதையும் பிரித்தல், பங்கிடுதல் என்ற வினையோடு சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. இரண்டு மொழிக்காரர்களும் ஒருவரை ஒருவர் கேட்டுவைத்துக்கொண்டா சொல் உண்டாக்கினார்கள்? கவலையும் கவனச் சிதறலும் எனக்கு இரண்டு வேறு நோயாகத் தெரிந்ததில்லை. ஒரு மனம் பல வழியில் பிரிந்து நிற்பதுதான் இரண்டும்.

மரியாள் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, விருந்து வேலையில் அல்லாடிய அவள் சகோதரி மார்த்தாளிடம் இயேசு சொன்னதும் இதே சொல்தான். எங்கள் பக்கத்துப் பிரசங்கங்களில் பாவம் அந்த அம்மாள் வாங்குகிற அடி கொஞ்சமல்ல. சபையில் அசன விருந்து நடக்கிற நாளைப் பார்க்க வேண்டும். உள்ளே போதகர் ஐயர், மரியாளைப் போல ஆண்டவர் பாதத்தில் உட்காருங்கள் என்று முழங்குவார். வெளியே பந்தலுக்குள் பத்துப் பெண்கள் வெங்காயம் நறுக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். ஆராதனை முடிந்ததும் மரியாள்கள் எல்லாரும் பந்தியில் முதலில் உட்கார்ந்துவிடுவார்கள். யோவான் சுவிசேஷத்தைத் திறந்து பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. சகோதரன் லாசரு செத்த வீட்டில், இயேசு வருகிறார் என்று கேட்டதும் எழுந்து எதிர்கொண்டு போனவள் மார்த்தாள். வீட்டில் உட்கார்ந்திருந்தவள் மரியாள். நீரே கிறிஸ்து என்று அன்றைக்கு அறிக்கையிட்டதும் அந்த அடுப்படிக்காரிதான். அவளிடம் சமைக்காதே என்று அவர் சொன்னதாக நான் வாசிக்கவில்லை. பலவற்றுக்காக மனம் பிரிந்து நிற்கிறாய் என்றுதான் சொன்னார்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். வரப்பில் ஒருவர் தகரம் தட்டிக்கொண்டு நின்றார். தெரிந்தவர்தான். தாணுமாலயன் கோயில் தேருக்கு வருஷம் தவறாமல் வடம் பிடிக்கிறவர், சின்ன வயசில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"சாரே, வானத்துப் பறவைகளைப் பாருங்கன்னு ஒங்க வேதத்துல ஒரு பாடம் உண்டும்லா? வெதைக்காது, அறுக்காதுன்னு?"

"உண்டு."

"வெதைக்காதுங்கது செரி. அறுக்காதுன்னு யாரு சொன்னா? வந்து பாருங்க, அறுத்துப் போட்டிருக்க லட்சணத்த."

பார்த்தேன். நீலத் தாழைக்கோழிகள் கரையோரத்துக் கதிர்களை ஒடித்து வளைத்து ஒரு மூலையையே நாசம் செய்திருந்தன. சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து அவருக்கு இன்னும் எரிச்சல். "ராம் சார், ராம் சார்ங்கான். யாரு சாரே அவரு? அவருகிட்ட நஷ்டஈடு கேக்கலாமா?" அது ஈரான் நாட்டில் ஒரு ஊர், சதுப்பு நிலங்களைக் காப்பாற்ற 1971-ல் அங்கே ஒப்பந்தம் போட்டார்கள் என்று விளக்கினேன். ஈரான்காரனுக்கு என் வயலில் என்ன வேலை என்று தகரத்தை ஓங்கித் தட்டினார். தாழைக்கோழி ஒன்று நாலடி தள்ளிப் போய் மறுபடி குனிந்தது.

நான்கு நாளில் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். சிரித்த பிறகு குளம் கண்ணில் பட்டது. மீசை ஆலாக்கள் தண்ணீர்மேல் தாழப் பறந்து, திரும்பி, மறுபடி அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தன. பனிக்காலத்துக்கு வடக்கேயிருந்து வந்த பறவைகள். கூழைக்கடா ஒன்று தலையைத் தண்ணீருக்குள் விட்டு எடுத்தது. பை காலியாகத்தான் இருந்திருக்க வேண்டும், உடனே மறுபடி விட்டது. அந்தப் பாடத்தை நாம் சும்மா இருப்பதற்குச் சொன்ன பாடமாக எப்படி எடுத்துக்கொண்டோம் என்று தெரியவில்லை. இந்தக் குளத்தில் சும்மா இருக்கிற பறவை எதுவும் இல்லை. அதன் பாடு அதற்கு. நாளைய மீனை இன்றைக்கே தேடுவதில்லை, அவ்வளவுதான்.

லூக்கா இதே பாடத்தை எழுதும்போது பொதுவாகப் பறவை என்று சொல்லாமல் காகம் என்று குறிப்பாகச் சொல்கிறார். மோசேயின் சட்டப்படி காகம் அசுத்தப் பறவை. யூதன் அதைத் தின்னக்கூடாது. எலியா தீர்க்கதரிசிக்குப் பஞ்சகாலத்தில் அப்பம் கொண்டுவந்து கொடுத்ததும் அந்த அசுத்தப் பறவைதான். ஊட்டுகிறவர் தகுதி பார்ப்பதில்லை என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

இதோடு நிறுத்திவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சுசீந்திரத்தை ஒட்டி ஓடுகிற பழையாறு நிறுத்த விடாது. இந்த ஆறு மணக்குடியில் கடலில் சேர்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள்தான் கிறிஸ்துமஸ் கொண்டாடிய குடும்பங்கள். சுனாமி அலை வந்து ஆற்றின் குறுக்கே இருந்த பாலத்தின் தட்டுகளையே தூக்கி எறிந்துவிட்டுப் போனது. வீடுகள் எந்த மூலைக்கு? அந்த ஊரில் விசுவாசக் குறைவு உள்ளவர்களாகப் பார்த்தா தண்ணீர் கொண்டுபோனது? பறவையைக் காட்டி ஆறுதல் சொல்கிற யாரும் மணக்குடிப் பொழிமுகத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

மத்தேயுவில் பறவைகள் இன்னொரு தடவை வருகின்றன. காசுக்கு இரண்டு விற்கிற அடைக்கலான் குருவி. அந்த இடத்தில் குருவி விழாது என்று இயேசு சொல்லவில்லை. விழும். பிதாவை விட்டுத் தனியே விழுவதில்லை என்கிறார். ஞாயிறு பள்ளியில் இதை எத்தனையோ முறை பாதுகாப்பு வசனமாகக் கற்பித்திருக்கிறேன். விழுகிற குருவியைப் பற்றிய வசனம் அது என்பது இந்த வாரம்தான் எனக்கு உறைத்தது. நம்பிக்கை என்பது ரிப்போர்ட் நல்லபடியாக வரும் என்ற ஜோசியமாக இருந்தால், அதற்கு ஆண்டவர் எதற்கு?

ஜோசியம் இல்லாத நம்பிக்கை எப்படி இருக்கும் என்று யோசித்தால் எனக்கு ஓர் ஊர் ஞாபகம் வரும். சுசீந்திரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் மயிலாடி. இப்போது கல் சிற்பத்துக்குப் பேர்போன ஊர். தென் திருவிதாங்கூர் புராட்டஸ்டன்ட் சபைகளுக்கு அதுதான் வேர். மகாராசன் என்ற மனிதர் சிதம்பரத்துக்கு யாத்திரை போய், தஞ்சாவூரில் இருந்த உறவினர் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, வேதமாணிக்கமாகத் திரும்பி வந்தார். அவர் அழைத்து 1806-ல் ஜெர்மானியரான ரிங்கல்தௌபே வந்தார். 1809-ல் ஆலயம் எழும்பியது. ரிங்கல்தௌபே சம்பளத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். உடம்பு கெட்டு 1816-ல் கப்பல் ஏறிப் போனார். பிறகு அவர் என்ன ஆனார் என்பது சரித்திரத்திலேயே இல்லை. அடுத்த மிஷனரி மீட் ஐயர் வந்து சேர்ந்தது 1818-ல்.

எல்லாரும் வந்தவர்களைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அந்த இடைப்பட்ட காலம்தான் பிடிக்கும். அழைப்பை ஏற்று வந்தவர் போய்விட்டார். அடுத்தவர் வருவார் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இருந்திருக்க முடியாது. அந்த நாட்களில் சபைகளைப் பார்த்துக்கொண்டது வேதமாணிக்கம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆராதனை, செத்தால் அடக்கம். கப்பல் வருகிறதா என்று கடற்கரையில் போய் உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. அவருக்கும் வெப்ராளம் இருந்திருக்கும். இருந்துகொண்டே வேலையைப் பார்த்திருப்பார், என் அம்மை அரிசி எடுத்த மாதிரி.

சனிக்கிழமை காலை போன் வந்தது. நான் எடுக்கவில்லை. முந்தின இரவு ஜெபத்துக்காகச் சத்தத்தை அணைத்து வைத்துவிட்டு, மறுபடி போட மறந்து குளிக்கப் போயிருந்தேன். ஐந்து நாள் காவல் காத்ததற்குக் கிடைத்த மரியாதை. என் போனில் பதில் இல்லை என்றதும் என் மனைவியின் போனுக்கே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

துண்டோடு வந்து நின்றேன். அவள் பின்வாசலில் உட்கார்ந்து சாளை அரிந்துகொண்டிருந்தாள். இப்போதைக்குப் பயப்பட ஒன்றும் இல்லையாம். முழுசாகவும் சொல்ல முடியாதாம். மூன்று மாதம் கழித்து மறுபடி வந்து எடுத்துப் பார்க்கணுமாம்.

"மூணு மாசமா?" என்றேன்.

"வைகாசிலதானே?" என்றாள், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "குழம்புக்கு மாங்கா இல்ல. சட்டைய மாட்டிட்டுப் போய் ரெண்டு வாங்கிட்டு வாங்க."

மதில்மேல் ஒரு காகம் வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்து அவள் கையையே பார்த்தது. அவள் ஒரு மீன் தலையை எடுத்து அந்தப் பக்கம் வீசினாள்.