பேரு பெத்த பேரு: லேப்டாப் கிராபிக்ஸ் கார்டு புராணம்

"டிசைன் வேலையும் பார்க்கணும், ராத்திரி கொஞ்சம் கேமும் ஆடணும். லேப்டாப்ல 4060 நல்லதா, 4070 நல்லதா?"

பொட்டி தட்டத் தெரிஞ்சவன்னு ஒரு தடவை பேர் வாங்கிட்டா இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கவே முடியாது. சொந்தக்காரங்க கேக்குறாங்க. சொந்தக்காரங்களோட சொந்தக்காரங்களும் கேக்குறாங்க. ஆளாளுக்குப் போன்ல பாடம் எடுத்து தொண்டை வறண்டு போச்சு. அதனால மொத்தமா இங்கேயே கொட்டிடறேன்.

என் கட்சி இதுதான்: லேப்டாப் கார்டோட நம்பரைப் பார்த்து வாங்காதீங்க. அந்த நம்பர் தகவல் சொல்றதுக்காக வச்சது இல்லை, மயக்கறதுக்காக வச்சது.

பொத்தாம் பொதுவா திட்டலைங்க. கணக்கு இதோ. 2022ல் வந்த டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4090ல 16,384 கோர், 24 ஜிபி மெமரி. 2023ல் வந்த லேப்டாப் 4090ல 9,728 கோர், 16 ஜிபி மெமரி. இந்த 9,728ஐ எங்கயோ பார்த்த மாதிரி இருக்கேன்னு தேடினா, டெஸ்க்டாப் 4080ல இருக்கறதும் அதே 9,728 கோர்தான். மெமரியும் அதே 16 ஜிபி. உள்ள இருக்கற சில்லும் ஒரே சில்லு. அதாவது 4080ஐ எடுத்து, மின்சாரத்தையும் வெட்டி, 4090ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க. திருநெல்வேலி அல்வான்னு போர்டு போட்டு வேற ஊர்ல கிண்டி விக்கிற அதே கதை.

2025லயாவது திருந்தினாங்களா? டெஸ்க்டாப் 5090ல 21,760 கோர், லேப்டாப் 5090ல 10,496. பாதி கூட இல்லை. நம்ம பட்ஜெட்டுக்குப் பக்கத்துல வர்ற 5070ஐ எடுத்துக்குங்க. டெஸ்க்டாப்ல 6,144 கோர், 12 ஜிபி. லேப்டாப்ல 4,608 கோர், 8 ஜிபி. பேர் மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணு.

இதுல வேடிக்கை என்னன்னா, ஒரு காலத்துல இவங்க நியாயமாத்தான் இருந்தாங்க. முன்னாடி எல்லாம் லேப்டாப் கார்டுன்னா நம்பருக்குப் பின்னாடி ஒரு 'எம்' இருக்கும். 2016ல் 1060, 1070, 1080 வந்தப்போ அந்த 'எம்'மை எடுத்துட்டாங்க. லேப்டாப் கார்டு டெஸ்க்டாப்புக்கு ஏறக்குறைய சமமா வந்துடுச்சு, தனி எழுத்து எதுக்குன்னு காரணம். அது உண்மையாவும் இருந்துச்சு. அப்புறம் இடைவெளி பழையபடி பெருசாச்சு, ஆனா போன 'எம்' போனதுதான். இப்ப அதிகாரப்பூர்வமான பேர்ல 'லேப்டாப் ஜிபியு'ன்னு ஒரு வால் இருக்கு. கடை போர்டுல அந்த வாலை நீங்க பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததில்லை.

சரி, டெஸ்க்டாப் வேற லேப்டாப் வேறன்னு தெரிஞ்சுக்கிட்டோம், ரெண்டு லேப்டாப்பை ஒப்பிட்டு வாங்கிக்கலாமேன்னு கேப்பீங்க. அங்கதான் அடுத்த ஆப்பு.

டிஜிபின்னு ஒண்ணு இருக்கு. போலீஸ் டிஜிபி இல்லீங்க, கார்டுக்கு எத்தனை வாட் மின்சாரம் குடுக்கலாம்ங்கற அளவு. லேப்டாப் 4060க்கும் 4070க்கும் என்விடியா குடுத்த அளவு ரெண்டுக்குமே 35லிருந்து 115 வாட் வரைக்கும். அந்த வீச்சுல எங்க நிறுத்தறதுன்னு லேப்டாப் கம்பெனி முடிவு பண்ணிக்கும். ஒல்லியா அழகா பண்ணணும்னா சூடு தாங்காது, வாட்டைக் குறைச்சுடுவாங்க. குண்டா பண்ணினா கூட்டுவாங்க. பட்டினி போட்ட 4070ஐ வயிறார சாப்பிட்ட 4060 எட்டிப் பிடிக்கும், சமயத்துல தாண்டியும் போகும். ஆனா விலைச்சீட்டுல 4070தான் ஒசத்தி!

இது புதுசும் இல்லை. 2018ல் எம்எக்ஸ்150ங்கற சின்னக் கார்டு ஒரே பேர்ல ரெண்டு விதமா, 25 வாட்லயும் 10 வாட்லயும் வந்ததை நோட்புக்செக் தளம் போட்டு உடைச்சது. 2021ல் 3000 வரிசை வந்தப்போ, குறைஞ்ச வாட் கார்டுகளைப் பிரிச்சுக் காட்டிக்கிட்டிருந்த 'மேக்ஸ்-கியூ'ங்கற அடையாளமும் பேர்ல இருந்து காணாமப் போச்சு. ஜனங்க சத்தம் போட்ட பிறகுதான், லேப்டாப் கம்பெனிங்க வாட் விவரத்தைத் தங்களோட தளத்துல போடணும்னு என்விடியா சொன்னது. தளத்துல எங்கேயோ அடியில பொடி எழுத்துல போடுவாங்க. விளம்பரத்துல வராது. ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் "இதுக்கு எத்தனை வாட்டுங்க?"ன்னு கேட்டுப் பாருங்க, சார்ஜரைத் திருப்பிப் பார்த்து அதுல இருக்கற நம்பரைச் சொல்லுவாங்க :-)

இப்ப டிசைன் பக்கம் வருவோம். 'டிசைன்'ங்கறது ஒரே வேலை இல்லை. போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா, இன்டிசைன் இதுதான் உங்க பொழப்புன்னா, பிராசஸரும் 32 ஜிபி ரேமும்தான் சோறு போடும். கார்டு ஊறுகாய் மாதிரி, கொஞ்சம் தொட்டுக்க. கேமரா ராவ்ல ஏஐ வச்சு நாய்ஸ் எடுக்கற வேலை மாதிரி சிலதுக்குத்தான் கார்டு முழு மூச்சா உழைக்கும். லெட்டர்பேடும் பிளெக்ஸும் அடிக்கறவருக்கு 4070 தேவைன்னு சொல்ற கடைக்காரரோட மனசாட்சி அவருக்கே வெளிச்சம்.

பிளெண்டர்ல ரெண்டர் பண்றவங்க, வீட்டு இன்டீரியர் முப்பரிமாணத்துல காட்டறவங்க கதை வேற. இவங்க முதல்ல பார்க்க வேண்டியது வேகத்தை இல்லை, கார்டோட மெமரியை. 4096க்கு 4096 அளவுல ஒரு கலர் டெக்ஸ்சரை அமுக்காம வச்சா 64 எம்பி. ஒரு ஹால்ல சோபா, திரைச்சீலை, தரை, தொங்கற விளக்குன்னு 40 சாமான், சாமானுக்கு மூணு டெக்ஸ்சர்னு தோராயமா போட்டாலே 7.5 ஜிபி. 8 ஜிபி கார்டுல மீதி என்ன இருக்கும்? கேம்ல மெமரி பத்தலைன்னா டெக்ஸ்சரை ஒரு படி குறைச்சுட்டு ஆடலாம், ஒண்ணும் குடி முழுகிடாது. ரெண்டர்ல பத்தலைன்னா ஒண்ணு பாதியில நின்னு போகும், இல்லை கம்ப்யூட்டர் ரேம்ல கடன் வாங்கி ஆமை வேகத்துல நகரும். காலையில கிளையண்ட் வந்து நிப்பாரு.

அதனால இந்த வேலைக்காரங்க 8 ஜிபி 5070க்குக் கூடுதல் காசு குடுக்கறதை விட, 12 ஜிபி இருக்கற 5070 டிஐக்கு ஏறணும். முடியலையா, அதே 8 ஜிபி இருக்கற 5060லயே நின்னு மீதிக் காசை ரேம்ல போடணும். நடுவுல நிக்கறதுலதான் நஷ்டம்.

அடுத்து 'புரொபஷனல் கார்டு'ங்கற மந்திரம். குவாட்ரோங்கற பேரை 2020ல் ஓரங்கட்டிட்டாங்க, ஆனா வியாபாரம் ஓயலை. லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 2000 அடான்னு ஒண்ணு: 3,072 கோர், 8 ஜிபி. லேப்டாப் 4060: 3,072 கோர், 8 ஜிபி. சில்லும் ஒண்ணுதான். அப்ப கூடுதல் காசு எதுக்கு? டிரைவருக்கும் சான்றிதழுக்கும். அது சும்மான்னு சொல்ல மாட்டேன். சாலிட்ஒர்க்ஸ்ல ரியல்வியூ வேணும்னா ஜீஃபோர்ஸ் கார்டை அது மதிக்காது. கட்டியா, என்எக்ஸ்னு ஓடற கம்பெனியில, பிரச்சினைன்னு போன் பண்ணினா முதல் கேள்வியே "சர்டிபைடு கார்டா?"ன்னுதான் வரும். அந்த இன்ஜினியர் கண்ணை மூடிக்கிட்டு வாங்கட்டும், அதுவும் கம்பெனி காசுல. ஆனா போட்டோஷாப்புக்கும் பிளெண்டருக்கும் அந்தச் சான்றிதழ் தேவையே இல்லை. ஒரு காலத்துல போட்டோஷாப்ல 10 பிட் கலர் வேணும்னா குவாட்ரோதான் கதின்னு இருந்துச்சு. 2019லயே ஸ்டூடியோ டிரைவர் மூலமா ஜீஃபோர்ஸுக்கும் அதைத் திறந்து விட்டாச்சு. இன்னமும் அதைச் சொல்லி விக்கறது பழைய காலண்டரைக் காட்டி நல்ல நாள் குறிக்கற மாதிரி.

எனக்கு நிஜமாவே வயிறு எரியறது வேற விஷயத்துக்கு. கல்யாண ஆல்பம் டிசைன் பண்ற ஒரு தம்பி, இஎம்ஐ போட்டு கேமிங் லேப்டாப் வாங்கினான். கடையில "கார்டு பெருசு சார், டிசைனுக்கு அள்ளும்"னு சொல்லியிருக்காங்க. கார்டு பெருசுதான். திரை? 45 சதவீத என்டிஎஸ்சி. புரியற மாதிரி சொன்னா, சாதாரண எஸ்ஆர்ஜிபி வண்ணத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கைக் காட்டவே முடியாத திரை. கலர் மங்கலா தெரியுதேன்னு அவன் ஏத்தி விட, பிரிண்ட்ல மாப்பிள்ளை முகம் மிளகாய்ப் பழம் மாதிரி வந்து நின்னுச்சு. "அண்ணே, ஆல்பத்தைத் திரும்ப என் கைக்காசுல அடிச்சுக் குடுத்தேன்"னு சொல்றான். கார்டோட நம்பரை மூடி மேல ஒட்டறாங்க, திரையோட நம்பரை ஏன் ஒளிக்கறாங்க? விலையை அமுக்க இவங்க கை வைக்கற இடம் அதுதான். கேம் ஆடறவங்க கண்டுக்க மாட்டாங்க. டிசைனருக்கு அதுதான் பொழப்பு.

"எல்லாம் சரி, தூக்கிட்டுப் போகணுமே, டெஸ்க்டாப்பைத் தோள்லயா போட்டுக்க முடியும்?" நியாயமான கேள்வி. கிளையண்ட் வீட்டுக்கும் மண்டபத்துக்கும் நிஜமாவே தூக்கிட்டுப் போறவங்க லேப்டாப்தான் வாங்கணும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. அனுமதி கேக்காம விமானத்துல எடுத்துப் போகற பேட்டரிக்கு வரம்பு 100 வாட்-அவர். அதனால பெரிய லேப்டாப்லயும் பேட்டரி அதுக்குள்ளதான் இருக்கும். 100 வாட் தின்னற கார்டை முழு வேகத்துல ஓட்டினா ஒரு மணி நேரம் கூட வராது. அதுக்குத்தான் சார்ஜரைப் பிடுங்கினதும் கார்டோட வேகத்தை அவங்களே வெட்டிடறாங்க. செங்கல் மாதிரி சார்ஜரையும் சேர்த்துத்தான் தூக்கணும். வருஷத்துல பத்து நாள் கூட வெளிய போகாத லேப்டாப்னா, அதே காசுல டெஸ்க்டாப் பல மடங்கு மேல். பேருக்கேத்த கார்டாவது கிடைக்கும்.

லேப்டாப்தான்னு முடிவு பண்ணிட்டா, கடையில நாலே கேள்வி: கார்டுக்கு எத்தனை வாட்? கார்டு மெமரி எத்தனை ஜிபி? திரை எஸ்ஆர்ஜிபில எத்தனை சதவீதம்? ரேம் ஒரே குச்சியா, ரெண்டா? டெமோ பீஸ் இருந்தா என்விடியா கன்ட்ரோல் பேனல்ல சிஸ்டம் இன்பர்மேஷனைத் திறக்கச் சொல்லுங்க, அதிகபட்ச வாட் அங்க இருக்கும். ஏஎம்டி கார்டா இருந்தாலும் கேள்வி இதேதான்.

பதில் சொல்லத் தெரியலைன்னா எழுந்து வந்துடுங்க. வெக்கப்பட வேண்டியது நீங்க இல்லை. கடன் வாங்கிப் பொருள் வாங்கறவன் கேள்வி கேட்டாத்தான் இவங்க என்னைக்காவது அந்த நம்பரையும் ஸ்டிக்கர்ல போடுவாங்க.