தெர்மாமீட்டருக்குத் தீட்டு இல்லை

டாக்டருக்குச் சாதி இருக்கலாம், நர்சுக்கு இருக்கலாம், மருந்து கட்டிக் கொடுக்கிறவருக்குக்கூட இருக்கலாம். கையில் இருக்கிற டேப்லட்டுக்கு ஏதய்யா சாதி? இப்படி ஒரு பேச்சு இப்போது பலமாக அடிபடுகிறது. கிராம சுகாதார செவிலியர் கையில் ஒரு கருவி. அது கேள்வி கேட்கும், அவர் பதிலைத் தட்டுவார், அது தீர்ப்புச் சொல்லும். இந்தப் பிள்ளைக்கு வீட்டு வைத்தியம் போதும், அந்தப் பிள்ளையை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, இந்த அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு, டாக்டரிடம் காட்டு. மனுசன்தான் பாரபட்சம் பார்ப்பான், எந்திரம் பார்க்காது, ஆகவே சேரி சனத்துக்கு இனி விடிவுகாலம் என்கிறார்கள். கருத்தரங்கு போட்டுப் பேசுகிறவர்கள் சொன்னால் விட்டுவிடலாம். கம்ப்யூட்டர் படித்த நம்ம பிள்ளைகளும் சேர்ந்து சொல்வதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

எந்திரத்துக்குச் சாதி தெரியாது என்பது புதுச் சங்கதியா? 1929ஆம் வருசத்துக்குப் போவோம். குஜராத்தின் கத்தியவார்ப் பக்கம், தீண்டப்படாத சாதியில் பிறந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் மனைவிக்குப் பிள்ளை பிறந்து இரண்டே நாளில் நோய் கண்டது. மூச்சுவிட முடியவில்லை, விலாவில் வலி. டாக்டரைக் கூப்பிட்டால், உங்க தெருவுக்குள் வரமாட்டேன் என்றார். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் இரண்டு ரூபாய் பீசுக்குப் பொறுப்பேற்ற பிறகுதான் வந்தார். அதுவும் தெருவுக்கு வெளியே. பெற்றவளையும் பச்சைப்பிள்ளையையும் வெளியே தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் வாத்தியாரிடம் கொடுத்தார். வாத்தியார் மனைவிக்கு வைத்து எடுத்தார். வந்த வழியே கைமாறி அது திரும்பிப் போனது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்றார் டாக்டர். பிறகு பார்க்க வரச் சொன்னபோது வரவில்லை. அந்தப் பெண் செத்துப்போனாள். அந்த வருசம் டிசம்பர் 12ஆம் தேதி 'யங் இந்தியா'வில் வாத்தியாரின் கடிதம் வந்தது. பாபாசாகேப் அம்பேத்கர் அதைத் தன் அனுபவக் குறிப்புகளோடு சேர்த்து எழுதிவைத்திருக்கிறார்.

தெர்மாமீட்டர் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். பாதரசம் யார் உடம்பில் வைத்தாலும் ஏறும். கருவிக்குத் தீட்டு இல்லை. பிடிக்கிற கைக்கு இருந்தது. தொடாமலே நோயைக் கண்டுபிடிக்க அந்தக் கருவி டாக்டருக்கு உதவியது என்றுகூடச் சொல்லலாம்.

இப்போது அதே நிமோனியாவுக்கு வருவோம். பிள்ளைகளுக்கு இருமல், மூச்சுத்திணறல் என்றால் சுகாதாரப் பணியாளர் என்ன செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1990களில் படிப்படியாக எழுதிக் கொடுத்தது. முதலில் சுவரில் மாட்டும் அட்டை, பிறகு கையேடு, பிறகு அதையே பல நாடுகளில் செல்போனில் ஏற்றினார்கள். அதன் உயிர்நாடி ஒரே ஒரு வேலை. பிள்ளையின் சட்டையைத் தூக்கி, அது அழாமல் இருக்கும்போது, முழுசாக ஒரு நிமிசம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதம் முடிந்து ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு 50 அல்லது அதற்கு மேல் இருந்தால், ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது வேகமான மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். நெஞ்சு உள்ளே இழுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நல்ல அறிவு. கோடிக்கணக்கில் செலவு வைக்காத அறிவு. இதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் அந்த ஒரு நிமிசம் எங்கே நடக்கும்? வீட்டுக்குள் வந்து, பாயில் உட்கார்ந்து, தாயின் மடியில் கிடக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் குனிந்தால் நடக்கும். 2006இல் கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட், சதீஷ் தேஷ்பாண்டே, அமிதா பவிஸ்கர் ஆகியோர் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் எடுத்த தீண்டாமைக் கணக்கைப் புத்தகமாகப் போட்டார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் நுழைய மறுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் அந்தக் கருவி என்ன செய்யும்? மூச்சு எத்தனை என்று கேட்கும். தெருமுனையில் நின்றுகொண்டு, "என்னம்மா, புள்ளைக்கு இளைக்குதா?" என்று கேட்டுவிட்டு, வாய்க்கு வந்த எண்ணைத் தட்டினால் அதை அப்படியே நம்பும். 36 என்று போட்டால் சளி இருமல்தான், ஐந்து நாள் கழித்துப் பார் என்று தீர்ப்பு வரும். அந்தத் தீர்ப்பு மேலே போய், மாவட்டக் கணக்கில் ஏறி, "நோயற்ற பிள்ளை" என்று ஆகிவிடும். முன்னே பொய் சொன்னால் வாய்ப்பொய். இப்போது அதுக்குப் பேர் தரவு.

இங்கே செவிலியரை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவர்களிலும் நம்ம வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களை ஊர்த்தெருவில் திண்ணையோடு நிறுத்துகிற வீடுகளும் இருக்கின்றன. அந்தக் கட்டம் எந்த சாப்ட்வேரிலும் கிடையாது.

"சரிய்யா, அது மனுசன் செய்த தப்பு, கருவி உள்ளுக்குள்ளே சுத்தமாத்தானே இருக்கு?" என்பார்கள். இதுக்குப் பதில் அமெரிக்காவில் இருக்கிறது. அந்த மண்ணின் கறுப்பர்களோடு நமக்கு உறவு உண்டு. 1966இல் பிறந்த கருஞ்சிறுத்தைகளின் பெயரைத்தான் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கருஞ்சிறுத்தைகள் இலவச மருத்துவமனை நடத்தினார்கள், கறுப்பர்களைத் தின்ற அரிவாள் செல் ரத்தச்சோகைக்கு வீடு வீடாகப் போய்ச் சோதனை செய்தார்கள். வெள்ளையரின் மருத்துவம் தங்களை எண்ணவே இல்லை என்பது அவர்களுக்கு அப்போதே தெரியும்.

2019 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று ஆஸ்பத்திரிகளுக்கும் இன்சூரன்சுக்காரர்களுக்கும் சொல்லித்தரும் ஒரு சாப்ட்வேரைப் பிரித்துப் பார்த்தார்கள். அது நிறம் கேட்கவில்லை. நிறத்தை வேண்டுமென்றே விலக்கி வைத்திருந்தார்கள். நம்ம ஊர் முற்போக்குகள் "சாதியே கேட்காதீங்க" என்பார்களே, அதே மாதிரி. அப்புறம் எதை வைத்து நோயை அளந்தது? செலவை வைத்து! யாருக்கு மருத்துவச் செலவு அதிகமாகுமோ அவரே பெரிய நோயாளி. கறுப்பர்களுக்கு அதே நோய்க்குச் செலவு குறைவாகவே ஆகியிருந்தது. வாசலிலேயே நிறுத்தப்பட்டவனுக்கு என்ன செலவு ஆகும்? ஆகவே அவன் ஆரோக்கியமானவன் என்று கணக்கு சொன்னது. ஒரே மதிப்பெண் வாங்கிய வெள்ளையரையும் கறுப்பரையும் ஒப்பிட்டால் கறுப்பர் கூடுதல் நோயோடு இருந்தார். இந்தப் பிழையைத் திருத்தினால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பர்களின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று ஆய்வு காட்டியது.

இதை நம்ம தெருவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகாத சனத்தின் சீட்டு எங்கே இருக்கும்? தலித் பெண் மேல்சாதிப் பெண்ணைவிடச் சராசரியாக 14.6 வருசம் முன்னாடியே சாகிறாள் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை சொன்னது. ஆஸ்பத்திரிச் சீட்டுகளை மட்டும் தின்று வளரும் எந்திரத்துக்கு இந்த 14.6 வருசம் எப்படித் தெரியும்?

அப்படியானால் நிறத்தைக் கேட்டால் நியாயம் கிடைக்குமா? அதையும் செய்து பார்த்தார்கள். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிட 1999இல் ஒரு சூத்திரம் வந்தது. நோயாளி கறுப்பர் என்றால் விடையை ஏறத்தாழ 1.2ஆல் பெருக்கு என்றது. கறுப்பருக்குச் சதை அதிகமாம்! பெருக்கியதும் கெட்டுப்போன சிறுநீரகம் காகிதத்தில் தேறிவிடும், மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் பெயர் ஏறுவது தள்ளிப்போகும். 2021இல்தான் நிறத்தை நீக்கிய சூத்திரத்துக்கு மாறச் சொன்னார்கள். பறிகொடுத்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பிக் கொடுக்க 2023இல் உத்தரவு வந்தது. அதற்குள் செத்தவனுக்கு யார் திருப்பிக் கொடுப்பது? கேட்காமலும் கொன்றார்கள், கேட்டும் கொன்றார்கள். கேட்ட விசயத்தை எதுக்குப் பயன்படுத்துகிறாய், அதை யார் உட்கார்ந்து முடிவு செய்தது என்பதுதான் நம்ம கேள்வி.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கதையும் அப்படித்தான். கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, ரத்தத்தை எடுத்துச் சோதித்தால் உண்மையில் 88க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பரில் 11.7 சதவீதம். 2020 டிசம்பரில் இது வெளிவந்தது. அடுத்த வருசம் கொரோனா இரண்டாம் அலையில் அதே கருவியின் எண்ணைப் பார்த்துத்தான் இங்கே யாருக்குப் படுக்கை என்று முடிவு செய்தார்கள். (தலித் என்றால் கறுப்பு என்று சமன்செய்கிற மூடத்தனம் எனக்கு இல்லை. வெயிலில் உழைக்கிற எல்லாச் சாதிக் கறுப்பு விரலுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

கருவி ஒழுங்காக வேலை செய்த இடத்தையும் பார்த்துவிடலாம். ஆந்திராவின் மேற்குக் கோதாவரியில் 54 கிராமங்களில் ஆஷா பணியாளர்களுக்கு டேப்லட் கொடுத்து, மாரடைப்பு அபாயம் உள்ளவர்களைக் கண்டுபிடித்து டாக்டரிடம் அனுப்பினார்கள். 2019இல் முடிவு வந்தது. பின்தொடர்ந்து பார்ப்பது கூடியது, ரத்தக்கொதிப்பு கட்டுக்குள் வந்தவர்களின் அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கண்டுபிடித்துச் சொல்வதோடு வைத்தியம் முடிந்துவிடுவதில்லை. அனுப்பின இடத்தில் டாக்டர் இருக்கணும், மாத்திரை இருக்கணும், கூலி போகாமல் போய்வர முடியணும்.

உடனே தலித்துகள் விஞ்ஞானத்துக்கு எதிரி என்று யாராவது கிளம்புவார்கள். மூச்சை எண்ணச் சொல்லும் கருவி நமக்கு வேண்டும். எண்ணினாயா என்று கேட்கும் அதிகாரமும் நமக்கு வேண்டும். தாய்சேய் நலப் பதிவேட்டில் எஸ்.சி., எஸ்.டி., இதரர் என்று சாதிக்கட்டம் ஏற்கெனவே இருக்கிறது. நம்மிடம் கேட்டு வாங்கிய விவரம் அது. வாங்கி என்ன செய்தீர்கள்? செல்போன் கருவிகளில் எந்த இடத்தில் நின்று பதிவு செய்தார் என்று காட்டும் வசதியும் உண்டு. ஏழைப் பெண் பணியாளர் வேலைக்கு வந்தாளா என்று வேவுபார்க்க அதை நீட்டுகிறவர்கள், சுகாதாரத்துறை எங்கள் தெருவுக்குள் வந்ததா என்று பார்க்க ஏன் நீட்டக் கூடாது?

மாணவர் தோழர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது, மனுவுக்குப் பத்து ரூபாய். யார் பெயரும் வேண்டாம், எண்ணிக்கை போதும். உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே எழுதுங்கள். போன வருசம் உங்க எல்லைக்குள் கருவியில் பதிவான பிள்ளைகள் எத்தனை, அதில் எஸ்.சி. எத்தனை; மூச்சு எண்ணப்பட்டதாகப் பதிவானது எத்தனை பேருக்கு, அதில் வீட்டுக்குப் போய் எண்ணியது எத்தனை; மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டது எத்தனை, அவர்களில் உயிரோடு திரும்பி வந்தது எத்தனை?