டெக் போடப் போறீங்களா? கொட்டேஷன்ல ஸ்க்ரூவைத் தேடுங்க

ஃபைனான்ஸ் பேசுற இடத்துல ஸ்க்ரூவுக்கு என்ன வேலைன்னு தோணும். காரணம் இருக்கு.

ஈசிஆர், ஓஎம்ஆர் பக்கம் லோன் போட்டுத் தனி வீடு வாங்கினவங்க பலர், போனஸ் வந்ததும் தோட்டத்துல ஒரு மர டெக் போட ஆசைப்படுறாங்க. தப்பே இல்ல. சாயங்காலம் லேப்டாப்பை மூடிட்டு உட்கார ஓர் இடம் வேணும்தானே? ஆனா கொட்டேஷன் வந்ததும் பேரம் முழுக்க மரத்தோட விலையிலதான் நடக்குது. பலகையை எதை வச்சுப் பிடிக்கப் போறாங்கன்னு யாரும் கேக்குறதில்ல. என் கருத்து: மரத்துல வேணும்னா ஒரு படி இறங்குங்க, ஸ்க்ரூவுல இறங்காதீங்க.

கணக்கு போட்டுப் பாப்போம். 10-க்கு 10 அடி டெக். பலகை 14 செ.மீ. அகலம், நடுவுல 5 மி.மீ. இடைவெளி. சுமார் 21 பலகை வரும். கீழே 40 செ.மீ.க்கு ஒரு சட்டம்னா 9 சட்டம். ஒவ்வொரு சட்டத்துலயும் பலகைக்கு 2 ஸ்க்ரூ, ஆக மொத்தம் 378. உடையறது, தொலையறது சேர்த்து 400 வாங்கணும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ, சாதாரணத்தைவிட ஒண்ணுக்கு 6 ரூபாய் கூடன்னு வச்சுக்கிட்டாக்கூட வித்தியாசம் 2,400 ரூபாய்தான். ரெண்டு வீக்கெண்ட் ஹோட்டல் பில்!

இதை மிச்சம் பிடிக்கத்தான், ஜிப்சம் போர்டுக்குப் போடுற கருப்பு ஸ்க்ரூவை வெளியிலயும் முடுக்கிட்டுப் போயிடுறாங்க. அது வீட்டுக்குள்ள வேலைக்குச் செஞ்ச பொருள். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாங்காது. துரு இறங்கினா தேக்குப் பலகையில கறுப்புக் கறை விழும். வெயில்ல சுருங்கி, மழையில உப்புற பலகை இழுக்கிற இழுப்புல, துருப்பிடிச்ச ஸ்க்ரூவோட தலை தனியா வந்துடும். ஆணி இன்னும் மோசம், மெல்ல மெல்ல மேல எழும்பும். வெறுங்காலோட ஓடுற குழந்தை இருக்கிற வீட்டுல ஆணிப் பேச்சே வேண்டாம்.

"எஸ்எஸ்தான் சார் போடுறோம்"னு சொன்னாலும் விடாதீங்க, என்ன கிரேடுன்னு கேளுங்க. 410-ம் எஸ்எஸ்தான், ஆனா துருவை 304 அளவுக்குத் தாங்காது. காந்தத்துல பச்சக்குன்னு ஒட்டினா சந்தேகப்படலாம். மதுரை, கோவைக்கு 304 போதும். கடல் காத்து அடிக்கிற இடம்னா 316. அதுல சேர்க்கிற மாலிப்டினம்தான் உப்பைச் சமாளிக்குது. பெட்டியில ஏ2ன்னு இருந்தா 304 வகை, ஏ4ன்னா 316 வகை. ரெண்டுமே கொஞ்சம் மிருதுவான உலோகம், அதனால கெட்டி மரத்துல முதல்ல டிரில்லால ஓட்டை போட்டுட்டுத்தான் முடுக்கணும். ஆசாரி அவசரப்பட்டா தலை முறிஞ்சு கையோட வரும்.

அடுத்து, ஸ்க்ரூ வெளிய தெரியாத மறைவு கிளிப். இன்ஸ்டா போட்டோவுல அழகாத்தான் இருக்கு. ஆனா நடுவுல ஒரு பலகை கெட்டுப்போனா, பெரும்பாலும் ஓரத்துலேர்ந்து வரிசையா கழட்டிட்டு வரணும். நம்ம பாஷையில சொன்னா அது லாக்-இன். மேல ஸ்க்ரூ போட்டது லிக்விட் ஃபண்ட் மாதிரி, 2 வரிசை ஸ்க்ரூவைக் கழட்டினா அந்த ஒரு பலகையை மட்டும் மாத்திடலாம். மரப் பலகைக்கு என் ஓட்டு வெளிய தெரியுற ஸ்க்ரூவுக்குத்தான். டபிள்யூபிசி பலகை வேற கதை. அது வெயில்ல நீளும், பக்கவாட்டுல கிளிப்புக்குன்னே பள்ளம் வச்சு வரும். அதுக்குக் கம்பெனி சொல்ற கிளிப்பையே போடுங்க, இல்லன்னா வாரண்டி பேசவே முடியாது.

மொட்டை மாடியில போடுறீங்கன்னா ஒண்ணு மட்டும்: சட்டத்தைத் தளத்துல டிரில் போட்டு இறுக்க விடாதீங்க. வாட்டர்ப்ரூஃபிங் ஓட்டையாச்சுன்னா ஒழுகுறது கீழ் வீட்டு சீலிங்ல, செலவு உங்க தலையில. பீடத்து மேல சும்மா உட்கார்ற மாதிரி ஃபிரேம் கேளுங்க.

வாடகை வீடா? அப்போ ஸ்க்ரூவே வேண்டாம். ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிற டெக் டைல் வாங்கிப் பால்கனியில விரிச்சுடுங்க. வீடு மாறும்போது கழட்டி எடுத்துட்டுப் போயிடலாம், ஓனர் அட்வான்ஸ்ல பிடிக்கவும் காரணம் இருக்காது.