பீடம்தான் பிரதானம்

ஆவுடையார்கோவிலில் ஆத்மநாதருக்கு உருவம் கிடையாது. லிங்கமில்லாத பீடத்துக்குத்தான் பூசை. நைவேத்தியமும் புழுங்கலரிசிச் சோற்றின் ஆவிதான். ஊர்ப் பொட்டலில் பையன்கள் பந்து உதைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஞாபகம் வருகிறது (சுவாமி மன்னிக்கட்டும்). அங்கேயும் பீடம்தான் பிரதானம். 1937-இல் சிம்லாவில் ஆறு சங்கங்கள் கூடித் தொடங்கிய அமைப்பு அது. 1948-இல் ஃபிஃபாவில் சேர்ந்தது. பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி 1988 முதல் 20 ஆண்டுகள் தலைவர். அடுத்து வந்த பிரஃபுல் படேலுக்கு 12 ஆண்டு வரம்பு 2020 டிசம்பரிலேயே முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, அவரே நீடித்தார். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிர்வாகக் குழுவொன்றை அமர்த்தியது. மூன்றாம் தரப்புத் தலையீடு என்று ஃபிஃபா ஆகஸ்டில் தடை போட்டது. தண்டனை யாருக்கு? ஆசியப் பெண்கள் கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்டில் போய் இறங்கியிருந்த கோகுலம் கேரளா அணிக்கு. ஆடாமலே திரும்பினார்கள் அந்தப் பெண்கள். இரண்டு வாரத்துக்குள் தடை விலகியது, உண்மைதான். ஆனால் தலைவர் தேர்தலில் 36 முன்னாள் வீரர்களுக்கு ஓட்டுரிமை என்ற ஏற்பாடு, தடையை விலக்கச் செய்துகொண்ட சமரசத்தில் கரைந்துபோனது. ஆடியவர்களுக்கு மிஞ்சியது ஆவி. செப்டம்பர் 2-ஆம் தேதி நடந்த அந்தத் தேர்தலில் மாநிலச் சங்கங்கள் மட்டும் வாக்களித்தன. கல்யாண் சௌபேக்கு 33. இந்திய அணியின் முன்னாள் கேப்டன் பைச்சுங் பூட்டியாவுக்கு ஒன்றே ஒன்று.