போர் விமானத்தை வரைவோர்க்கு

போர் விமானங்களைப் படமாக வரைவதில் பேரார்வம் கொண்ட மாணவர் நம்மிடையே பலர் உளர். இறக்கையின் வளைவு, தகடுகள் பொருந்தும் கோடு, ஆணிகளின் வரிசை ஆகிய யாவற்றையும் கூரிய பென்சிலால் தீட்டி, அளவு நூலிழையும் பிசகாவண்ணம் அவர் காட்டும் பொறுமை பாராட்டற்குரியதே. ஆயினும், அப்படங்களுட் பெரும்பாலானவற்றில் விமானி அமரும் இடம் வெறுமையாயிருக்கும். அல்லது, கண்ணாடியின்மீது மெல்லிய நீலம் பூசப்பெற்று உள்ளிருப்பது மறைக்கப்பட்டிருக்கும். மனிதனை விடுத்து வரைந்த போர் விமானப் படம் நுணுக்கப் படமாகாது என்பதே என் கருத்து.

சான்றாக, பௌல்டன் பால் கம்பெனியார் இங்கிலாந்தில் இயற்றிய டிஃபயன்ட் விமானத்தைக் கொள்வோம். 1937 ஆகஸ்டில் இது முதன்முதற் பறந்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் 264-ஆம் பிரிவினர் 1939 டிசம்பரில் இதனைப் பெற்றனர். அந்நாளைய சென்னை மாகாணத்தார் போர்க்காலத்தில் அளித்த பொருளுதவியை முன்னிட்டு அப்பிரிவு 'சென்னை மாகாணம்' என்னும் பெயரைத் தாங்கிற்று. ஆகவே, அதனை வரைதற்கு நமக்கும் ஒருவகை உரிமை உண்டு.

தொலைவிலிருந்து நோக்குவார்க்கு இது ஹரிக்கேன் விமானம் போலவே தோன்றும். இரண்டிற்கும் மெர்லின் எஞ்சினே. ஆனால் டிஃபயன்டின் விமானியிடம் முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி ஒன்றேனும் இல்லை. அவனுக்குப் பின்னால், சுழலும் கூண்டொன்றில், நான்கு பிரௌனிங் துப்பாக்கிகளுடன் மற்றொருவன் இருப்பான். 1940 மே மாதத்தில் டன்கர்க் வானில், ஹரிக்கேன் என மயங்கிப் பின்புறமாய் நெருங்கிய ஜெர்மானியர் இக்கூண்டிற்கு இரையாயினர் என்பர். மயக்கம் தெளிந்தபின் அவர்கள் முன்னிருந்தும் கீழிருந்தும் தாக்கினர். ஜூலை 19-இல் 141-ஆம் பிரிவின் ஒன்பது டிஃபயன்டுகளிற் பெரும்பாலன வீழ்ந்தன. ஆகஸ்டு இறுதியில் 264-ஆம் பிரிவும் பேரிழப்பெய்தவே, பகற்போரினின்று இவ்விமானம் விலக்கப்பட்டு இரவுப் போருக்கு அனுப்பப்பெற்றது. வெறும் புறக்கோட்டை மட்டும் வரைவார் ஹரிக்கேனையே வரைந்தாராவர்!

"படம் என்பது அளவு பற்றியது, இரக்கம் பற்றியதன்று" என்று நண்பர் சிலர் கூறக்கூடும். அளவு பற்றியே நானும் பேசுகின்றேன். ஒரே எஞ்சின் பூண்ட ஹரிக்கேனைவிட டிஃபயன்ட் வேகங்குறைந்தது ஏன்? அக்கூண்டையும் அதனுள் அமர்ந்த மனிதனையும் கூடுதலாகச் சுமந்தமையானன்றோ! அவனை அழித்துவிட்டு இயந்திரத்தை எவ்வாறு விளக்குவது? சீவக சிந்தாமணியில் திருத்தக்கதேவர் மயிற்பொறியைப் பாடுமிடத்து, அதன் தோற்றத்தோடு நின்றாரல்லர். நிறைசூலுடைய விசயை தன் விரலாற் பொறியைத் திரித்து எழும்புதலையும் இறங்குதலையும் நமக்குக் காட்டுகின்றார். பறக்கும் பொறியைப் புனைந்த புலவர்க்கே அம்மனிதக் கை இன்றியமையாததாயிற்று.

வரைவோர் முதலில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளல் நலம். 1940 ஜூனுக்கு முன்னாயின் அடிப்புறம் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாம், பின்னர் வெளிர்பசுமை, இரவுப் போருக்குச் சென்றபின் முழுதும் கறுப்பு. கூண்டின் முன்னும் பின்னும் உள்ள மூடுதகடுகள், அது சுழலுங்கால் கீழிறங்கும். தகடு உயர்ந்திருக்கத் துப்பாக்கி பக்கம் நோக்குவதாகத் தீட்டும் வழக்கம், சிறியதேயெனினும், என் கண்ணுக்கு உறுத்துகின்றது.

அடிக்குக் கால் அங்குலம் என்னும் அளவில் வரையின், 39 அடி 4 அங்குல இறக்கை ஏறக்குறையப் பத்து அங்குலம் நீளும். ஆறடி மனிதன் நின்றால் ஒன்றரை அங்குலமே. கூண்டினுள் மடங்கி அமர்ந்திருப்பவன் அதனினும் குறைவான இடத்தையே கொள்வான். அவ்விடத்தில் அவன் முழங்காலையும் தோளையும் தோட்டாப் பெட்டிகளையும் பொருத்திப் பாருங்கள். பின்னர் அவன் வெளியேறும் கதவையும் வரையுங்கள். அக்கதவு கூண்டின் பின்புறத்தது. அதன் வழியே குதிக்கக் கூண்டு பக்கவாட்டில் திரும்பியிருத்தல் வேண்டும். கூண்டைத் திருப்பும் மின்சாரம் குண்டடியால் அற்றுப்போமாயின், எரியும் விமானத்தில் அதனைக் கையாற் சுழற்றிக் கதவைத் திறந்து வெளிவருதல் மிக அரிது. ஆகையால், கூண்டு நேராக நிற்குமாறு ஒரு படமும், திரும்பி நிற்குமாறு மற்றொரு படமும் வேண்டும். இரண்டிலும் அம்மனிதன் இருத்தல் வேண்டும்.