வெடி ஓய்ந்த பிறகு நிலம் யாருக்கு?



"அரச காணி" என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலர் வாயடைத்துப் போகிறோம். அண்மையில் படுவான்கரையில் நடந்த ஒரு கூட்டத்தில் இளைஞர் ஒருவர், "காட்டு விலங்குகளுக்கென ஒதுக்கிய காணியில் துவக்குச் சுடும் திடல் அமைப்பது சரியா, பாதர்?" என்று கேட்டார். "யாரைக் கேட்டு அமைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, தம்பி" என்றேன்.

அமெரிக்காவில் மாநில வனவிலங்குக் காணிகளிலேயே பொதுமக்கள் சுட்டுப் பழகும் திடல்கள் உண்டு. 1937இல் இயற்றப்பட்ட சட்டமொன்றின்படி நீளத் துவக்குகளுக்கும் ரவைகளுக்கும் 11 வீத வரி அறவிடப்படுகிறது. அப்பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்கும், பின்வந்த திருத்தங்களின்படி இத்திடல்களுக்கும் செல்கிறது. சுடுகிறவனே செலவைச் சுமக்கிறான். ஆயினும் மண்ணில் தங்கும் ஈயம் அங்கும் தீராத பிரச்சினையே.

இந்தியாவின் ஜார்க்கண்டிலுள்ள நேத்தர்ஹாட் கதை வேறு. அங்கு 1964 முதல் இராணுவம் பீரங்கிப் பயிற்சி நடத்தியது. 1938ஆம் ஆண்டின் பிரித்தானியர் காலச் சட்டம் அதற்குத் துணை நின்றது. பயிற்சி நாட்களில் ஆதிவாசி உழவர்கள் வீட்டையும் வயலையும் விட்டு வெளியேற வேண்டும். பின்னர் 1,471 சதுர கிலோமீற்றரில், 245 கிராமங்களைத் தொடும்படி அதை விரிவாக்க முனைந்தபோது மக்கள் கொதித்தெழுந்தனர். 1994 மார்ச் 22, 23ஆம் திகதிகளில் பெண்கள் முன்னிற்க வீதியை மறித்தார்கள். படை திரும்பிப் போனது. ஆனால் அரச அறிவித்தல் 2022 வரை உயிரோடிருந்தது. மக்களும் ஆண்டுதோறும் அதே நாளில் கூடினார்கள். 2022 ஓகஸ்டில், அறிவித்தலை நீடிப்பதில்லை என்று மாநில முதலமைச்சர் முடிவெடுத்தார்.

நமது நிலைமை அதுவல்ல என்பீர்கள். உண்மைதான். நாம் போருக்குள் இருந்தோம். 2007 மார்ச்சில் படுவான்கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கையில் அகப்பட்டதோடு வாவியைக் கடந்தன. அன்று வீதியை மறிக்க எவராலும் முடிந்திருக்காது. வெடி ஓய்ந்தும் நிலம் உடனே நமதாகவில்லை. மட்டக்களப்பு கண்ணிவெடியற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதே 2017இல்தான்.

ஆனாலும் அவர்களிடம் நாம் கற்க ஒன்றுண்டு. அவர்கள் அறிவித்தலின் முடிவுத் திகதியை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். நமது காணியைச் சுற்றி எல்லைக்கல் நடப்படும்போது நம்மில் எத்தனை பேர் வர்த்தமானியைக் கேட்டுப் பார்த்தோம்?

ஆகவே மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். யாரைக் கேட்டு எடுத்தீர்கள்? எந்தத் திகதி வரை? திருப்பித் தரும்போது மண்ணிற் கிடக்கும் வெடியையும் ஈயத்தையும் யார் அகற்றுவது? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இவற்றை எழுத்தில் கேட்கும் உரிமையை நமக்குத் தந்திருக்கிறது.

காட்டை அழிக்கச் சொல்லவில்லை. யானைக்கும் இடம் வேண்டும். ஒரு வட்டையில் வெடி போட்டால் அது அடுத்த வட்டைக்குப் போகும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். விலங்குக்கென்று ஒதுக்கிய இடத்தில் துவக்குச் சத்தம் கேட்டால் அது எங்கே போகும்? நமது வேளாண்மைக்குள்தான்.

பெர்மிட், வரிப் பற்றுச்சீட்டு, கமநல சேவை நிலையப் பதிவு என்று கிடைக்கிற துண்டுக் கடதாசியையெல்லாம் சேர்த்து வையுங்கள். தனியாகப் போகாதீர்கள், ஊராகப் போங்கள். நேத்தர்ஹாட் உழவர்களுக்கு ஏறக்குறைய முப்பது வருடம் எடுத்தது. அவர்கள் கூடுவதை நிறுத்தவில்லை.